மூன்று படம் பார்த்தவளின் தீர்ப்பு

ஒரு படத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல வேண்டுமானால் அதை முதலிலிருந்து கடைசிவரை பார்த்திருக்க வேண்டும் என்பது என் கொள்கை. எங்கள் வீட்டில் இதை வேறு யாரும் ஏற்றுக்கொண்டதில்லை. அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து பாதிப் படத்தைக் காதால் கேட்பார். பள்ளிக்கூடத்தில் படிக்கும் தங்கை பாட்டு வந்தால் மட்டும் நிமிர்ந்து பார்ப்பாள். அம்மா அடுக்களையில் இருப்பாள். ஆனாலும் படம் முடிந்து, தொலைக்காட்சிப் பெட்டியின் மரக்கதவை இழுத்துச் சாத்தி, காப்பி வந்ததும் அப்பா எல்லோரிடமும் அபிப்பிராயம் கேட்பார். அமைச்சகத்தில் கூட்டங்களுக்குக் குறிப்பெழுதுவது அவர் வேலை. அந்தப் பழக்கம் ஞாயிற்றுக்கிழமையும் அவரை விடுவதில்லை. விருந்தினர் முதலில், பெரியவர்கள் அடுத்து, நாங்கள் கடைசியில். "நல்லா இருந்துச்சு" என்பதை அவர் அபிப்பிராயமாகவே எடுத்துக்கொள்ள மாட்டார். "ஏன்னு சொல்லணும்" என்பார்.

நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை வகுப்பிலும் கேட்டால்தான் சொல்வேன். ஆனால் கேட்டால் சொல்வேன். இந்த இரண்டாவது பாதியை என்னைப் பற்றி யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் பார்த்த படங்களில் முதலாவது ஒரு தமிழ்ப் படம். ஞாயிறு மதியம் காட்டும் பிராந்திய மொழிப் படங்களில் தமிழின் முறை வர மாதங்கள் ஆகும். வரும்போதும் பெரும்பாலும் விருது வாங்கிய படமாக இருக்கும். எல்லோரும் மரியாதையோடு பார்த்துவிட்டு எழுந்து போவார்கள். அந்த முறை அதிசயமாகப் பெரிய நடிகர் ஒருவரின் படம் வந்தது. தில்லி கிட்வாய் நகரில் எங்கள் வரிசையில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் மதியச் சாப்பாட்டைச் சீக்கிரமே முடித்துக்கொண்டன.

மாடி வீட்டு மாமாவும் அத்தையும் வழக்கம்போல் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் உறவு எதுவுமில்லை; ஒரே படிக்கட்டு, அவ்வளவுதான். மாமா மதுரைக்காரர், வேறொரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். மகன் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதி முடிக்கும்வரை வீட்டில் தொலைக்காட்சி வாங்குவதில்லை என்று அவர் உறுதியாக இருந்தார். அத்தை திருநெல்வேலிப் பக்கம். என் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கம். திருச்சிக்காரரான அப்பாவைத் திருமணம் செய்துகொண்டு தில்லிக்கு வந்த நாளிலிருந்து அம்மா தன் ஊர்ப் பேச்சைத் தயங்கித் தயங்கித்தான் பேசிவந்தாள். மற்றத் தமிழ்க் குடும்பங்களில் அவள் வாயைத் திறந்தால் யாராவது ஒருவர் புன்னகைப்பார், இல்லாவிட்டால் "என்ன சொன்னீங்க?" என்று இன்னொருமுறை கேட்பார். இந்தி அவளுக்குக் காய்கறி வண்டியோடு முடிந்துவிடும். மாடி வீட்டு அத்தையிடம் மட்டும்தான் அவள் யோசிக்காமல் பேசினாள். ஞாயிறு மதியம் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது இருவரும் அடுக்களையில் பேசிய பேச்சு, வசனத்துக்கு நடுநடுவே எங்களுக்கும் கேட்கும்.

இனிப் படம். நடிகருக்கு அப்போதே ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். படத்தில் அவர் கல்லூரி மாணவர். முதல் காட்சியில் இரண்டு புத்தகங்களை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நிற்கிறார். புத்தகங்கள் மட்டும்தான் இளமையாக இருந்தன. கதாநாயகியின் தகப்பனாராக நடித்தவர் அவரைவிட வயதில் சிறியவர் என்பது கண்ணுக்கே தெரிந்தது. இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். மேடை நாடகத்தில் இதைவிடப் பெரிய பொய்களை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் கடற்கரைச் சாலையில் வில்லனின் காரைத் துரத்தி அவர் ஓடுகிற ஒரு காட்சி வந்தது. படம் முழுவதும் அந்த ஓட்டத்தை நம்பித்தான் நின்றது. கதாநாயகன் அன்று ஓடிப் பிடிக்காவிட்டால் அவன் தங்கை பிழைக்க மாட்டாள். அந்த இடத்தில் நான் காரைப் பார்க்கவில்லை, தங்கையைப் பற்றி நினைக்கவில்லை. அவர் ஓடுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் முறை வந்தது. அப்பா என்னைப் பார்த்தார்.

"ஓடற காட்சி சரியில்லப்பா" என்றேன்.

"ஏன்னு சொல்லணும்."

"சார்ட்டர்ட் பஸ்ஸப் பிடிக்க ஓடற செக்‌ஷன் ஆபீசர் மாதிரி ஓடறார். சட்டைப் பையில இருக்கற பேனா விழுந்துடாம ஒரு கையால அமுக்கிக்கிட்டு."

சொல்லி முடிக்கும்வரை அது எனக்கு ஓர் உவமையாக மட்டுமே இருந்தது. காலையில் எங்கள் பால்கனியிலிருந்து பார்த்தால் இந்தக் காட்சி தினமும் தெரியும். டிபன் பை, மப்ளர், பையில் பேனா, முனையில் நிற்காமல் ஊர்ந்துகொண்டிருக்கும் ஆபீஸ் பஸ். அப்பாவும் அப்படித்தான் ஓடுவார். தங்கைதான் உவமையை ஆளோடு சேர்த்தாள். அவள் தில்லியிலேயே பிறந்தவள். தமிழோ இந்தியோ, நாக்குக்கு எது முதலில் வருகிறதோ அதைப் பேசுவாள்.

"அரே, அங்கிள்! பில்குல் நீங்கதான் அங்கிள்! பேனா கூட அதேதான்!"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கப் பார்த்தது இன்னும் மோசமாக இருந்தது. மாமா காப்பியைக் குடித்து முடித்தார். டம்ளரை டபராவுக்குள் வைத்தார். "வர்றேன் சார்" என்று அப்பாவிடம் மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். அடுக்களை வாசலில் நின்றிருந்த அத்தை எங்களையும் அவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, சொல்லிக்கொண்டிருந்த ஏதோ ஒன்றைப் பாதியில் விட்டுவிட்டுப் பின்னாலேயே போனாள்.

அடுத்த ஞாயிறு அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பின்வரிசையில் இருந்த ஒரு மலையாளி வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறார்கள் என்று தங்கை செய்தி கொண்டுவந்தாள். அப்பா மாடிக்குப் போய், "சின்னப் பிள்ளைங்க சார், ஏதோ உளறிடுச்சுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். நான் சின்னப் பிள்ளையும் அல்ல, உளறவும் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொல்வது பொருத்தமாக இருக்காது என்று விட்டுவிட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்" என்றாராம் மாமா. ஒன்றுமில்லை என்றவர் வரவும் இல்லை. அத்தை படிக்கட்டில் பார்த்தால் அம்மாவிடம் "என்ன மதினி, சமையல் ஆச்சா?" என்பாள். ஆச்சு என்பாள் அம்மா. அவ்வளவோடு இருவரும் நடந்துவிடுவார்கள். கணவருக்குப் பிடிக்காத வீட்டுக்குள் மனைவி தனியாக வந்து உட்கார்ந்து பேசும் வழக்கம் எங்கள் படிக்கட்டில் இருக்கவில்லை.

இந்த இடைவெளியில் இரண்டு படங்கள் பார்த்தோம். ஒன்று ஞாயிறு மாலையில் வந்த இந்திப் படம். குழந்தைப் பருவத்தில் பிரிந்த சகோதரர்கள் மூவர், ஒரு பாட்டு, ஒரு தாயத்து, ஒரே மருத்துவமனை. அதைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. அது தான் சொன்ன பொய்யை முதல் காட்சியிலிருந்து கடைசிவரை ஒரே அளவில் சொன்னது. அதனால் அதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. இப்படிச் சொன்னதும் அப்பா, "அப்ப நல்லாருக்குங்கறியா, இல்லைங்கறியா?" என்றார். தங்கை, அக்காவான என்னைக் காட்டி, "தீதிக்குப் பிடிச்சிருக்குப்பா. பிடிச்சிருக்குன்னு சொல்ல வெக்கம்" என்றாள். அது சரி.

இன்னொன்று வங்காளிப் படம். அதுதான் அந்தக் குளிர்காலத்தில் பார்த்தவற்றுள் ஆகச் சிறந்தது என்று இன்றும் சொல்வேன். ஆற்றங்கரையில் ஒரு பெரிய வீடு. அதில் ஒரு கணவர், ஒரு மனைவி. கணவர் எழுதுகிறார். மனைவி காலையில் கொசுவலையை மடிக்கிறாள், மாலையில் விரிக்கிறாள். மழை வருகிறது. கதை என்று கேட்டால் இவ்வளவுதான் சொல்ல முடியும். ஆனால் கொசுவலையை மடிக்கும் அதே செயலை அந்த நடிகை ஒவ்வொரு முறையும் வேறு விதமாகச் செய்தாள். ஒருமுறை ஓரங்களைச் சரியாகச் சேர்த்தாள். ஒருமுறை சுருட்டித் தலையணைக்கடியில் திணித்தாள். கடைசியில் பாதி மடித்துவிட்டு அதைக் கையில் வைத்துக்கொண்டே சன்னலைப் பார்த்து நின்றாள், படம் முடிந்தது. வசனத்தால் சொல்லியிருந்தால் பத்து நிமிடம் ஆகியிருக்கும், நாமும் நம்பியிருக்க மாட்டோம்.

அன்று அம்மா அடுக்களையில் இருக்கவில்லை. அங்கே அவளுக்கு வேலை முடிந்துவிட்டிருந்தது, பேச்சும் இல்லை. வந்து எங்களோடு பிரம்பு மோடாவில் உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தாள். வங்காள மொழி அவளுக்குத் தெரியாது. அடியில் ஓடும் ஆங்கில வரிகளை அவள் படிக்கவில்லை. அப்பா வழக்கம்போல் கேட்டார். அம்மா எப்போதும் "நான் எங்க பாத்தேன்?" என்றுதான் தப்பித்துக்கொள்வாள். அன்று சொன்னாள்:

"அந்தப் பொம்பளைக்குப் பேச்சுக்கு ஒரு ஆளு இல்ல. அதான் கொசுவலைய வச்சு உருட்டிக்கிட்டு இருக்கா."

அம்மா டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நான் யோசித்துப் பார்த்தேன். மாமா எழுந்துபோன அன்று நான் சொன்ன வாக்கியத்தில் இரண்டு பேர் இருந்தார்கள்: ஒரு நடிகர், ஒரு செக்‌ஷன் ஆபீசர். நடிகரைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மாற்றம் எதுவும் இல்லை. ஆனால் செக்‌ஷன் ஆபீசர் அந்த அறையில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. இரண்டையும் ஒன்றோடொன்று கலக்காமல் சொல்ல முடியும் என்ற நம்பிக்கையோடு, மறுநாள் மாலை மாமா அலுவலகத்திலிருந்து திரும்பியதும் மாடி ஏறினேன்.

அத்தை கதவைத் திறந்தாள். உள்ளே திரும்பி, "ஏங்க, கீழ் வீட்டுப் பிள்ள வந்திருக்கா" என்றாள். மாமா ஸ்வெட்டரைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் நின்றபடியே, தயாரித்துவந்ததைச் சொன்னேன்.

"மாமா, அன்னைக்கு நான் உங்களை மனசுல வச்சுச் சொல்லலை. ஆனா நீங்க இருக்கற இடத்துல அந்த உவமை சொல்லியிருக்கக் கூடாது. அதுக்கு மன்னிச்சுக்குங்க."

மாமா என்னை ஏதோ புரியாத பாஷை பேசுகிறவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"என்னையவா? என்னையச் சொன்னதுக்கா நான் வரலேன்னு நெனச்சீங்க? ஏம்மா, நான் பஸ்ஸுக்கு ஓடுறது எனக்குத் தெரியாதா? தெனம் ஓடுறேன். பேனா ரெண்டு தடவ விழுந்து ஒடஞ்சும் போச்சு. என்னையச் சொன்னா நான் சிரிச்சிட்டுப் போறேன்."

"அப்புறம்?"

"அவரச் சொன்னியே!" அவர் குரல் உயர்ந்துவிட்டது. "அவர! என்னைய மாதிரி ஓடுறாருன்னு. நான் எங்க, அவர் எங்க? அவர் படம் ரிலீசுன்னா நாங்க மதுரைல விடியாம போயி நிப்போம்மா. ஒரு செக்‌ஷன் ஆபீசரக் கொண்டுபோயி அவருக்குப் பக்கத்துல நிறுத்துறியே, ஒனக்கே நல்லாருக்கா?"

"இதத்தான் ரெண்டு வாரமா எங்கிட்டயும் பொலம்புதாவ" என்றாள் அத்தை, என்னிடம், சலிப்போடு. "ஒங்கப்பா வந்து ஒங்க மாமாட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போறாவ. இவுகளுக்கு அது வேண்டாமாம். அந்த நடிகருக்கு வேணுமாம்."

நான் கொண்டுபோன மன்னிப்பு இவ்வாறு பயனில்லாமல் போயிற்று. அவர் கேட்ட ஒன்றைக் கொடுக்க என்னால் முடியவில்லை.

"அவர் ஓடினது சரியில்லைதான் மாமா. அதை மாத்திச் சொல்ல மாட்டேன்."

மாமா எழுந்து நின்றார். வெளியே போ என்பாரோ என்று நினைத்தேன். அவர் சன்னல்வரை நடந்துவிட்டுத் திரும்பினார்.

"அவர் படம் எத்தன பாத்திருக்க?"

"மூணு."

"மூணு! நீ என்னமோ பாட்டெல்லாம் படிக்கிறியேம்மா, சங்கப் பாட்டு. ஒரு புலவரோட மூணு பாட்ட மட்டும் படிச்சிட்டு, அதுவும் அவருக்கு வயசானதுக்கப்பறம் எழுதுனத, இந்தாளுக்குப் பாட்டே வராதுன்னு பரிச்சைல எழுதுவியா? எழுதுனா ஒங்க வாத்தியார் மார்க்குப் போடுவாரா?"

இது முறையான வாதம். நான் சொன்னது ஒரு காட்சியைப் பற்றி மட்டுமே என்று பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் என் குரலில் அந்த ஒரு காட்சிக்கு மேலே ஏதோ இருந்திருக்க வேண்டும். அவர் அதைக் கேட்டிருக்கிறார்.

"போட மாட்டார் மாமா" என்றேன்.

"அப்ப ஒக்காந்து பாரு. நான் கொண்டுவர்றேன். மொதல்லருந்து கடைசிவர. பாத்துட்டுச் சொல்லு."

சனிக்கிழமை மதியம் மாமா கரோல்பாக்கிலிருந்து ஒரு வி.சி.ஆரையும் ஒரு கேசட்டையும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். கடை ஆள் கூடவே வந்து எங்கள் தொலைக்காட்சியில் இணைத்துக்கொடுத்துவிட்டுப் போனார். அத்தையும் வந்தாள். வந்தவள் முன்னறையில் எங்களோடு உட்கார்ந்தாள். புது வீட்டுக்கு வந்தவளைப்போல நாற்காலியின் நுனியில். அம்மா என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டாள்.

"ஏட்டி, படம் எப்படி வேணாலும் இருக்கட்டும். நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொல்லிரு. சொன்னா என்ன, தேஞ்சா போயிருவ?"

"அப்படி இருந்தா சொல்றேம்மா."

"இல்லன்னா?"

அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஒன்னயப் படிக்க வச்சதுக்கு..." என்று தொடங்கியவள் முடிக்கவில்லை.

கறுப்பு வெள்ளைப் படம். நடிகர் இளைஞராக இருந்தார். இளைஞராக நடிக்கவேண்டிய தேவையே இல்லாத வயது. கிராமத்துப் பள்ளியில் புதிதாக வேலைக்குச் சேரும் ஆசிரியர். முதல் பாதியில் அவருக்கு வசனம் மிகக் குறைவு. மற்றவர்கள் பேசுகிறார்கள், இவர் கேட்கிறார். ஒரு காட்சியில், வீட்டுக்கார அம்மாள் தன் மகன் கடிதமே போடுவதில்லை என்பதைச் சொல்லிக்கொண்டே அரிசி புடைக்கிறாள். இவர் தூணருகில் நிற்கிறார். அவள் சொல்வதற்கு இவர் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. ஆனால் முறம் எழும்போது இவர் கண் எழுகிறது, தாழும்போது தாழ்கிறது. கடைசியில் அவள் புடைப்பதை நிறுத்துகிறாள், இவர் கண் மட்டும் இன்னும் ஒருமுறை எழுந்து தாழ்கிறது. நான் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தேன். மாமா படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளைக்குப் பிறகு படம் மாறியது. நடிகர் பிரபலமாகிக்கொண்டிருந்த காலம் போலும்; யாரோ அவருக்கு நீண்ட வசனங்களை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பஞ்சாயத்துக் காட்சியில் தாய்மை, கல்வி, ஏழைகளின் கண்ணீர் என்று அவர் பேசிக்கொண்டே போனார். மழையில் நனைந்துகொண்டே பேசினார். மழை நின்ற பிறகும் பேசினார்.

படம் முடிந்தது. அப்பா தொண்டையைச் செருமினார்; ஆனால் அன்று அவர் யாரையும் கேட்கவில்லை. மாமாதான் கேட்டார்.

"சொல்லும்மா."

அம்மா அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். அத்தை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"முதல் பாதியில அவர் மாதிரி கேக்கத் தெரிஞ்ச ஒரு நடிகரை நான் பார்த்ததில்லை மாமா" என்றேன். "அந்த முறம் காட்சி இருக்கே, அதுக்காக இந்தப் படத்தை மறுபடியும் பார்ப்பேன்."

மாமாவின் முகம் மலர்ந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அம்மாவின் கண் அதைத்தான் சொன்னது.

"ஆனா பஞ்சாயத்துக் காட்சி மோசம். கேட்டே எல்லாத்தையும் நம்ப வச்சவரை, சொல்லிச் சொல்லி நம்ப வைக்கப் பார்க்கறாங்க. அவரும் அதுக்கு ஒத்துக்கிட்டார். நான் முன்னாடி பார்த்த படத்துல இருக்கற தப்பு இங்கேயே ஆரம்பிச்சிருச்சு."

மாமா சிறிது நேரம் திரையையே பார்த்தார். அதில் கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு தொடையில் ஓங்கித் தட்டினார்.

"அது வசனம் எழுதுனவன் பண்ணுன தப்பு! அவர் என்னம்மா பண்ணுவாரு? குடுத்தத பேசுனாரு."

"மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாமா? மேலதிகாரி குடுத்த நோட்ல உங்கப்பா மாட்டேன்னு எழுதுவாரா? கேளு."

"என்னை ஏன் சார் இழுக்கறீங்க?" என்றார் அப்பா.

"அவர் கையெழுத்துப் போட்டா அவர் பொறுப்புதான் மாமா."

"சரி, மழை நின்னப்பறம் அந்தப் பார்வை? 'என் பிள்ளைகளே'ன்னு சொல்லிட்டுத் திரும்புவாரே. வசனத்தத் தள்ளு. அந்தப் பார்வைய மட்டும் பாரு. நீ கவனிக்கல."

"கவனிச்சேன். அது கேமராவைப் பார்க்கற பார்வை."

"இல்ல!"

"ஆமா மாமா."

"இரு, மறுபடியும் போடுறேன். அங்கேயே காட்டுறேன்" என்று அவர் வி.சி.ஆர். முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று தெரியாமல் தங்கையைக் கூப்பிட்டார். "ஜல்தி, ஜல்தி" என்றார். பஞ்சாயத்துக் கூட்டம் முழுவதும் பின்னோக்கி ஓடத் தொடங்கியது.

"ஏங்க, நேரமாச்சு. பையன் வந்து பூட்டின கதவைப் பாத்துக்கிட்டு நிப்பான்" என்றாள் அத்தை.

"இரு, இன்னும் முடியல. இந்தப் பிள்ளைக்கு இதக் காட்டாம நான் எந்திரிக்க மாட்டேன்."

அத்தை அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நாற்காலியின் நுனியிலிருந்து எழுந்து, வாசலைக் கடக்கும்போது அம்மாவின் தோளை ஒரு தட்டுத் தட்டி, அடுக்களைக்குள் போனாள்.

"மதினி, கேட்டியளா, இவுக இப்போதைக்கு எந்திரிக்க மாட்டாவ. அன்னைக்கு எங்க விட்டேன்? எங்க சின்ன நாத்தனா கத..."

"ஏளா, அத மொதல்லருந்து சொல்லு. எனக்குப் பாதி மறந்துட்டு" என்றாள் அம்மா.

முன்னறையில் மாமாவுக்கும் எனக்கும் அந்தப் பார்வையைப் பற்றி உடன்பாடு ஏற்படவில்லை. மூன்று முறை போட்டுப் பார்த்தோம். கேமராவைத்தான் பார்க்கிறார் என்று நான் சொன்னேன். கேமராவுக்குப் பின்னால் நிற்கும் ஊரைப் பார்க்கிறார் என்றார் அவர். ஒருமுறை அப்பா என் பக்கம் சேர்ந்து, மாமா முறைத்ததும் விலகிக்கொண்டார். நாங்கள் படத்தை நிறுத்தும்போதெல்லாம் அடுக்களையிலிருந்து இரண்டு குரல்கள் கேட்டன. இரண்டும் ஒரே நேரத்தில் பேசின; ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்பதாகவே தெரியவில்லை. சிரிப்பு மட்டும் இருவருக்கும் ஒரே இடத்தில் வந்தது.